ஜாதிக்காய் விலையும் யூலலி அத்தை கல்யாணமும்

குவாவ், கிரெனேடா
8 அக்டோபர் 1990

ஐரோப்பாக் கண்டம் முழுமைக்கும் என் ஏகப் பிரதிநிதியாகிய அன்பு மருமகள் ஜசிந்தாவுக்கு,

உன் மாமா யுத்தப் பிரகடனம் செய்துவிட்டேன். பதறாதே. துப்பாக்கி கிடையாது. இது ஜாதிக்காய் யுத்தம்.

இந்தோனேசியாக்காரர்களும் நாமும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து விலையை உயரத்தில் தூக்கி வைத்திருந்தோமே, அந்த ஒப்பந்தம் செத்துப்போயிற்று. அவர்கள் கையை விட்டதும் விலை நேராக வந்து நம் காலில் விழுந்தது. போன வாரம் ஒரு கூடைக் காயைத் தலையில் வைத்துக்கொண்டு நம் ஜாதிக்காய் விவசாயிகள் சங்கத்தின் கொள்முதல் நிலையத்துக்குப் போனேன். எடை போடுகிறவன் விலையைச் சொன்னான்.

"பவுண்டுக்கா சொல்ற, கூடைக்கா?" என்று கேட்டேன்.

"பவுண்டுக்குத்தான் அண்ணே. ஆனா இப்போ உங்க கூடைய வித்தா கொஞ்சம் கூடக் கிடைக்கும்" என்றான் பாவி.

கூடையை மறுபடி தலையில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். இந்தத் தீவு கடலுக்குள்ளிருந்து எரிமலையாக எழுந்த நாள் முதல், நிலையத்துக்குக் கொண்டுபோன காயை ஒருவன் திருப்பிக் கொண்டுவந்ததாகச் சரித்திரம் இல்லை. தெருவே வாய் பிளந்து நின்றது. ஒரு நாய் எழுந்து வழிவிட்டது.

திட்டம் இதுதான். ஓட்டோடு உலர்த்திய காய் கெடாது. என் மரங்களில் விழும் காய் ஒவ்வொன்றையும் உலர்த்தி வீட்டுக்குள் அடுக்கப்போகிறேன். உலகத்துக்கு இனி ஒரு காய் கிடையாது. கிறிஸ்துமஸ் வருகிறதா இல்லையா? ஜாதிக்காய் இல்லாமல் ஐரோப்பாவில் எப்படிக் கேக் செய்வார்கள்? சீமாட்டிகள் சமையலறையில் மயங்கி விழுவார்கள். வியாபாரிகள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு துறைமுகத்தில் நின்று அழுவார்கள். அந்த அழுகை தொடங்கியதும் எனக்கு எழுத வேண்டியது உன் பொறுப்பு.

மிஸ் யூலலியிடமும் சொல்லியாயிற்று: விலை பழைய உயரத்துக்கு வருகிற நாளே நம் கல்யாண நாள். அவள் சங்கத்தின் கூடத்தில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்து காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு. கையிலிருந்த காயை என் மேல் எறிந்தாள். எடுத்துப் பார்த்தேன், முதல் தரம். அன்பில்லாதவள் உடைந்த காயை அல்லவா எறிந்திருப்பாள்?

இப்படிக்கு,
ஜாதிக்காய் முற்றுகையின் தலைமைத் தளபதி,
உன் மாமா தியோபிலஸ் கடோர்

ரோட்டர்டாம்
2 நவம்பர் 1990

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தை டிராமில் படித்துச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த கிழவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார். அல்லது என் வாசனை தாங்காமல் போனாரோ என்னவோ. மசாலாத் தரகர் ஆபீசில், சரக்கு மாதிரிகளைச் சோதிக்கும் அறையில் நாளெல்லாம் ஜாதிக்காயை இரண்டாக வெட்டி உள்ளே பார்ப்பதுதான் இங்கே என் வேலை. எத்தனை முறை தலைக்குக் குளித்தாலும் என் முடியில் கேக் வாசனை.

இப்போது யுத்தச் செய்தி. இங்கே யாரும் அழவில்லை. கிடங்கில் கிழக்கிலிருந்து வந்த மூட்டைகள் கூரையை முட்டுகின்றன. ஏணி போட்டு ஏறினால்தான் மேல் மூட்டையிலிருந்து மாதிரி எடுக்க முடிகிறது. என் முதலாளி சாயங்காலமானால் விசிலடிக்கிறார். நீங்கள் முற்றுகை போட்டிருப்பதை அவரிடம் சொன்னேன். "எந்தத் தீவு?" என்று கேட்டார். "எங்க மாமா வீடு" என்றேன். மன்னித்துக்கொள்ளுங்கள், உண்மையைத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

யூலலி அத்தையைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். (அத்தை என்றுதான் எழுதுவேன். பதினேழு வருஷமாக உங்களோடு பேர் சேர்த்துச் சொல்லப்படுகிறவளை வேறு எப்படி எழுதுவது?) எனக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது "விலை கம்மி, ஏறட்டும்" என்றீர்கள். நான் பள்ளி முடித்தபோது விலை ஏறியது. "இன்னும் ஏறும், பொறு" என்றீர்கள். ஒப்பந்தம் வந்த வருஷம் விலை தென்னை உச்சியில் போய் உட்கார்ந்தது. அப்போது என்ன சொன்னீர்கள், ஞாபகம் இருக்கிறதா? "விலை உச்சியில இருக்கறப்போ கல்யாணம் பண்ணா கேக்கும் உச்சி விலைக்குத்தான் விக்கும்."

ஊரையே உட்காரவைத்துச் சோறு போட வக்கில்லாதவன் மோதிரத்தைத் தொடக்கூடாது என்பது குவாவ் ஆண்களின் ரோஷம், தெரியும். அந்த ரோஷத்தால்தான் நம் ஊரில் பாதிக் கல்யாணங்களில் மாப்பிள்ளையின் பேரப்பிள்ளைகள் மோதிரத் தட்டு பிடிக்கிறார்கள். ஆனால் மாமா, நம் சர்ச் மணியின் கயிறு ரோட்டர்டாமிலா தொங்குகிறது?

குளிர் தொடங்கிவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜசிந்தா

குவாவ்
10 டிசம்பர் 1990

எதிரி முகாமில் குடியேறிவிட்ட ஜசிந்தாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. (நடுவில் ஒருமுறை வறுத்த மீனும் சீமைப்பலாவும் சாப்பிட்டேன், அது கணக்கில் சேராது.) என் தங்கை பெற்ற மகள், என் தோளில் உட்கார்ந்து மீனவர் திருநாள் பார்த்தவள், விசிலடிக்கிற முதலாளியின் பக்கம் போய் நின்றுகொண்டு என் கல்யாணத் தவணைகளை எண்ணிப் பார்க்கிறாள்! கூரை முட்ட மூட்டையா? நம்பமாட்டேன். அவர்கள் மூட்டைகளில் மரத்தூளை அடைத்து உனக்குக் காட்டுகிறார்கள்.

இங்கே முற்றுகை மகா வெற்றியாக நடக்கிறது. படுக்கையறையில் மூட்டை. சமையலறையில் மூட்டை. குளியலறையிலும் மூட்டை, ஆகவே கடலில் குளிக்கிறேன். கட்டிலுக்கு இடமில்லாததால் மூட்டைகளின் மேலேயே படுக்கை. உலர்ந்த காய் ஓட்டுக்குள் ஆடும் என்பது உனக்குத் தெரியும். நான் ஒரு பக்கம் புரண்டால் ஆயிரம் கிலுகிலுப்பை ஒன்றாகக் குலுங்குகிறது. முந்தாநாள் நான் தும்மியதில், கிளம்பிக்கொண்டிருந்த மீன்காரர்கள் பெருமழை வருகிறது என்று வலையைச் சுருட்டி வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஊரில் அன்று மீன் இல்லை. இப்போது புரிகிறதா, ஒரு தனி மனிதன் நினைத்தால் சந்தையை எப்படி ஆட்டலாம் என்று?

ஞாயிற்றுக்கிழமை மிஸ் யூலலி ஒரு சட்டி ஆயில்டவுன் கொண்டுவந்தாள். தேங்காய்ப்பால் வற்றி, சீமைப்பலா மஞ்சளாக மினுங்கி, ஆகா! உள்ளே உட்கார இடமில்லை. வாசற்படியில் நின்றுகொண்டே சாப்பிட்டோம். அவள் கதவு வழியாக ஒரு முறை எட்டிப் பார்த்தாள்.

"தியோ, இந்த வீட்டுல ரெண்டு பேருக்குத்தான் இடம் இருக்கு" என்றாள்.

"அதத்தான நானும் சொல்றேன்" என்றேன்.

"ஆமா. நீயும் ஜாதிக்காயும்."

நல்ல நகைச்சுவை உணர்ச்சி அவளுக்கு. சட்டியைக் கழுவிக்கூட வாங்கிக்கொள்ளாமல் போய்விட்டாள், அவ்வளவு அவசரம்.

கிறிஸ்துமஸுக்குக் கறுப்புக் கேக் அனுப்பியிருக்கிறேன். அதில் என் காய் இருக்கிறது. முற்றுகையை உனக்காக மட்டும் ஒரு விரற்கடை தளர்த்தினேன். துரோகிக்கும் பசிக்குமே.

மூட்டைகளின் மேல் வீற்றிருக்கும்
தியோபிலஸ் கடோர்

ரோட்டர்டாம்
14 ஜனவரி 1991

அன்புள்ள மாமா,

கேக் வந்தது. ஆபீசில் ஒரு துண்டு கொடுத்தேன், முதலாளி விசிலை நிறுத்தினார். அந்த அளவில் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள்.

விலை இன்னும் இறங்கியிருக்கிறது. இன்னும் இறங்கும் என்று எல்லோரும் காத்திருக்கிறார்கள். ஏறும் என்று நீங்கள் அங்கே காத்திருக்கிறீர்கள். காத்திருப்பதில் இரண்டு பக்கமும் கெட்டிக்காரர்கள். ஆனால் அவர்களுக்கு நிறைய கிடங்கு இருக்கிறது மாமா, உங்களுக்கு ஒரு படுக்கையறைதான்.

இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று இந்தத் தாளை இரண்டு முறை கிழித்துப் போட்டேன். யூலலி அத்தை எனக்குப் புதுவருஷ வாழ்த்து அனுப்பியிருந்தாள். கீழே ஒரு வரி: "பனி பெய்யுற ஊருக்கு எந்த மாதிரிக் கோட்டு வாங்கணும்? உள்ள பஞ்சு வச்சதா, கம்பளியா?"

அவ்வளவுதான். எந்த ஊர் என்று எழுதவில்லை. உங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. வழக்கமாக "உன் மாமா இன்னும் பேசிக்கிட்டே இருக்காரு" என்றாவது எழுதுவாள்.

குவாவில் யாருக்கு மாமா பஞ்சு வைத்த கோட்டு வேண்டும்?

ஜசிந்தா

குவாவ்
12 பிப்ரவரி 1991

அன்பு ஜசிந்தா,

நாளை சாம்பல் புதன். பாதிரியார் நெற்றியில் பூசப்போவதை எனக்கு இந்த ஊர் ஒரு நாள் முன்னாலேயே பூசிவிட்டது.

உன் கடிதம் வந்த அன்றே மேட்டுத் தெருவுக்கு ஓடினேன். யூலலி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்க போற நீ?"

"டொரன்டோ. அக்காவுக்கு இடுப்புல ஆப்பரேஷன். டிக்கெட் அனுப்பியிருக்கா. ஏப்ரல் இருபத்திரெண்டு."

"எப்போ திரும்புவ?"

ஒரு போர்வையை உதறினாள். "யாரு திரும்பி வரச் சொல்லப்போறா?"

நாற்பது மைல் நீளத்துக்குப் பதில் வைத்திருப்பவன் நான். போர்வையின் மறு முனையைப் பிடித்துக் கயிற்றில் போட்டுவிட்டுத் திரும்பினேன்.

மறுநாளே முற்றுகையை நானே உடைத்தேன். எந்த விலையானாலும் சரி, விற்று, அவள் கிளம்புவதற்குள் கல்யாணத்தை முடித்துவிடுவது என்று. லாரி பிடித்து மூட்டைகளைக் கூடத்துக்கு ஏற்றினேன். பாதி ஊர் வேடிக்கை பார்க்க வந்தது. ஓட்டை உடைத்தார்கள். பருப்பைத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டினார்கள். நல்ல காய் மூழ்கும், உளுத்த காய் மிதக்கும், இது நம் ஊரில் நடக்கத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும்.

மிதந்தது, ஜசிந்தா. தொட்டி நிறைய மிதந்தது. ஒரு காய் மூழ்கினால் பக்கத்தில் பத்து மிதந்தது. காற்று புகாத வீட்டில், மனிதன் படுத்த சூட்டில், வண்டு குடும்பத்தோடு குடியேறியிருக்கிறது. நான் அவர்களுக்குக் கூரையும் கதகதப்பும் கொடுத்து நாலு மாதம் வளர்த்திருக்கிறேன். தரம் பிரிக்கும் பெண்கள் எல்லோரும் எழுந்து வந்து தொட்டியைச் சுற்றி நின்றார்கள். சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. யூலலிதான் பேசினாள், அதுவும் மெதுவாக:

"பாரு தியோ. உன் பேச்சு மாதிரியே மிதக்குது."

மிதந்த காய்க்கு நிலையத்தில் சொன்ன விலை லாரி வாடகைக்கும் போதாது. அள்ளி மறுபடி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். மூழ்கிய காய் கொடுத்த காசில் ஒரு மோதிரம் வரும். ஊருக்குச் சோறு வராது. இந்த நிலையில் அவளிடம் போய் எந்த முகத்தோடு கேட்பது? கோட்டு என்ன நிறம் வாங்கினாள் என்று மட்டும் தெரிந்தால் எழுது.

மாமா

ரோட்டர்டாம்
4 மார்ச் 1991

அன்புள்ள மாமா,

முதலில் ஒரு உத்தரவு. மிதந்த காய்களை யாருக்கும் கொடுக்காதீர்கள். கடலில் கொட்டாதீர்கள். சாக்கைப் பிரித்துக் காற்றோட்டமாக வையுங்கள். ஏன் என்று கேட்காதீர்கள்.

இரண்டாவது. போன வாரம் எங்கள் ஆபீசுக்கு ஒரு ஆள் வந்தார். அவர் கேட்டது மிதக்கிற காய். அவர் ஒரு விலை சொன்னார். அது என் மேஜை மேல் ஒரு தாளில் இருக்கிறது. உங்களுக்குச் சொல்லமாட்டேன்.

ஆமாம் மாமா, சொல்லமாட்டேன். நல்ல விலை என்று எழுதினால் "இன்னும் ஏறட்டும்" என்பீர்கள். கெட்ட விலை என்றால் தலையைக் குனிந்துகொண்டு அவளை விமானம் ஏற்றி அனுப்புவீர்கள். ஆகவே நல்லதா கெட்டதா என்பதையும் சொல்லப்போவதில்லை. முற்றுகை உங்களுக்கு மட்டும்தான் போடத் தெரியுமா?

என் நிபந்தனை இது. விலை தெரியாமல் போய் யூலலி அத்தையைக் கேளுங்கள். அவள் என்ன பதில் சொன்னாலும் அப்படியே எனக்கு எழுதுங்கள். உங்கள் கடிதம் வந்த அன்று விலை கிளம்பும்.

அவள் முடியாது என்று சொல்லிவிட்டால், உங்களை அங்கே தள்ளியவள் நான்தான். அப்போது நீங்கள் என்னை என்ன திட்டினாலும் சரி. ஆனால் இந்த ஊரில் தனியாக இருந்து ஒன்று பார்த்துவிட்டேன். கிடங்கில் வைத்த சரக்கு எதுவானாலும் யாரும் வெட்டிப் பார்க்காமல் இருக்கிறவரைதான் முழுசு.

உங்கள் தங்கை மகளும் எதிர் முற்றுகையின் தளபதியுமான
ஜசிந்தா

குவாவ்
19 மார்ச் 1991

கொடுங்கோலி ஜசிந்தாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் போட்ட சத்தத்தில் மலைமேல் ஏரித் தண்ணீர் கரையைத் தாண்டியிருக்கும். சொந்த மருமகள்! ஒரு விலையை வைத்துக்கொண்டு! இந்தோனேசியா தேவலாம், அவர்கள் ஒப்பந்தத்தைத்தான் முறித்தார்கள், என் கழுத்தைப் பிடிக்கவில்லை. தபால் ஆபீசுக்குப் போய் உனக்கு ட்ரங்க் கால் போட்டுத் திட்ட நினைத்தேன். நிமிஷத்துக்கு ஆகும் காசைக் கேட்டதும், நேரில் பார்க்கும்போது திட்டிக்கொள்ளலாம் என்று திரும்பினேன்.

மூன்று நாள் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு ஈமச்சடங்குக்குப் போடும் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு கூடத்துக்குப் போனேன். வேறு நல்ல கோட்டு இல்லை. போகிற வழியில் இருவர் "யாரு அண்ணே போயிட்டாங்க?" என்று கேட்டார்கள். "தெரியல, போய்ப் பாத்தாத்தான் தெரியும்" என்றேன்.

பெண்கள் நீள மேஜையில் உட்கார்ந்து காய் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நாற்பது கையும் ஓடிக்கொண்டிருந்தது. நான் பேச வேண்டியதை வீட்டில் தயார் செய்து வைத்திருந்தேன். கடலும் மலையும் சாட்சி என்று தொடங்கும். அது வாசல்வரை வந்து திரும்பிப் போய்விட்டது.

"யூலலி, என்னக் கட்டிக்கிறியா?" என்றேன்.

அவள் நிமிரவில்லை. கை ஓடிக்கொண்டே இருந்தது. "ஏன், விலை ஏறிடுச்சா?"

"தெரியாது."

"ஏறுமா?"

"தெரியாது."

"மிதந்ததெல்லாம் என்ன பண்ணப்போற?"

"அதுவும் தெரியாது. வித்த காசுல ஒரு மோதிரம் வரும். சாப்பாட்டுக்கு ஒண்ணும் இல்ல. ஊரு சிரிக்கும்."

மேஜையில் எல்லாக் கையும் நின்றுவிட்டது. யூலலி கடைசியில் தலையைத் தூக்கினாள்.

"பதினேழு வருஷத்துல தெரியாதுன்னு ஒரு வார்த்தை இந்த மனுசன் வாயிலேர்ந்து இன்னிக்குத்தான் விழுது" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள், ஏதோ நான் ஊரில் இல்லாதவன் மாதிரி. பிறகு என்னைப் பார்த்து, "என் டிக்கெட் டிக்கெட்டுதான். அக்காவுக்கு வாக்குக் கொடுத்துட்டேன், போய்த்தான் ஆவேன். அது சம்மதமா?"

"சம்மதம்."

"வீட்டுலேர்ந்து ஒரு மூட்டை விடாம வெளிய போகணும்."

"போகும்."

"அப்போ ஏன் இங்க நிக்கற? ஃபாதர்கிட்ட போய் சர்ச்சுல நம்ம கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லு. மூணு ஞாயித்துக்கிழமை வாசிக்கணும், நடுவுல தவக்காலம் வேற. பதினேழு வருஷம் தூங்கிட்டுக் கடைசி நிமிஷத்துல வந்து நிக்கறான்."

மேஜையில் எழுந்த சத்தம் ரோட்டர்டாமில் உனக்குக் கேட்டிருக்க வேண்டும். யாரோ ஒருத்தி ஒரு கை நிறையக் காயை அள்ளி என்மேல் பூவாகத் தூவினாள். எல்லாம் உடைசல் காய். அன்பிலும் இந்தப் பெண்கள் கணக்காகத்தான் இருக்கிறார்கள்.

ஈஸ்டர் முடிந்து ஏப்ரல் பதின்மூன்று, சனிக்கிழமை. அவள் பதிலை அப்படியே எழுதிவிட்டேன். இப்போது விலையைச் சொல்லடி, கொள்ளைக்காரி.

மாப்பிள்ளை
தியோபிலஸ் கடோர்

ரோட்டர்டாம்
2 ஏப்ரல் 1991

மாமா! அத்தை!

மாதிரி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். முதலாளி வந்து கண்ணில் ஜாதிக்காய்த் தூள் பட்டதா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

விலை இதோ. அந்த ஆள் தைலம் வடிக்கிறவர். நம் ஜாதிக்காய்த் தைலம் சோடாவுக்கும் பல்பசைக்கும் சென்ட்டுக்கும் போகிறது. வண்டு காயைத் தின்னும்போது மாவைத்தான் தின்கிறது, எண்ணெய் இருக்கிற பாகத்தைத் தொடுவதில்லை. அதனால் உளுத்த காயில்தான் எடைக்கு எடை தைலம் அதிகம். முழுக்காய் விலை விழுந்தபோதும் தைலத்தின் விலை அப்படி விழவில்லை. உங்கள் சங்கத்துக்குத் தந்தி போயிருக்கிறது, ஒரு கன்டெய்னர் மிதக்கிற காய் கேட்டு. நிலையத்தில் உங்களுக்குச் சொன்ன விலையைப்போல மூன்று மடங்கு. உங்களுக்கு மட்டும் இல்லை, அப்படிக் காய் வைத்திருக்கிற எல்லோருக்கும். நீங்கள் பணக்காரர் ஆகமாட்டீர்கள். ஒரு வீட்டை வீடாக்கலாம்.

என்னால் கல்யாணத்துக்கு வர முடியாது. லீவு கிடைத்தது, டிக்கெட்டுக்குப் போதவில்லை. அத்தைக்கு ஒரு பார்சல் வருகிறது. உள்ளே பஞ்சு வைத்தது, சிவப்பு. டொரன்டோ பனியில் அவள் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும்.

ஒன்று கேட்கலாமா? என்மேல் இன்னும் கோபமா?

ஜசிந்தா

குவாவ்
5 மே 1991

அன்பு மகளே,

கோபமா? உன் பெயரை ஒரு கப்பலுக்கு வைக்கச் சொல்லி மனுப் போடுவதாக இருந்தேன். கப்பல் இல்லாததால் ஒரு ஆட்டுக்கு வைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே, நல்ல வம்சத்து ஆடு.

கல்யாணம் நடந்தது. ஊருக்கு நான் சோறு போடவில்லை. ஊர்தான் எனக்குப் போட்டது. தரம் பிரிக்கும் பெண்கள் ஆளுக்கொரு சட்டியோடு வந்தார்கள். மீன்காரர்கள் ஒரு படகு நிறையக் கொண்டுவந்தார்கள். பதினேழு வருஷமாக நான் பயந்த அந்த அவமானம் எவ்வளவு ருசியாக இருந்தது தெரியுமா? இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். உன் பார்சல் அன்று காலையில்தான் தபாலில் வந்தது. யூலலி கவுனுக்கு மேல் அந்தச் சிவப்புக் கோட்டைப் போட்டுப் பார்த்தாள், பிறகு கழற்ற மாட்டேன் என்றுவிட்டாள். சித்திரை வெயிலில் பஞ்சுக் கோட்டோடு சர்ச்சுக்குள் நடந்தாள். பாதிரியாருக்கே வேர்த்தது.

ஓலையின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை "இந்தக் கல்யாணத்துக்கு யாராவது தடை சொல்கிறீர்களா?" என்று கேட்டபோது பின்வரிசையில் ஒருத்தன், "தடையா? இன்னிக்கே முடிச்சிடுங்க ஃபாதர், மாப்பிள மனசு மாறிடும்" என்று கத்தினான். இதை எழுத மறந்தால் யூலலி திட்டுவாள்.

தைலக்காரர் கேட்ட காய் போயிற்று. நான் ஒருவன்தான் முட்டாள் என்று நினைத்திருந்தேன். தந்தி வந்த செய்தி பரவியதும் பார்க்கிறேன், வீட்டுக்கு வீடு கட்டிலுக்கடியிலிருந்தும் பரண்மேலிருந்தும் மூட்டை இறங்குகிறது! பாதி ஊர் ரகசியமாக முற்றுகை போட்டிருக்கிறது. என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லாம் வரிசையில் எனக்குப் பின்னால் நின்றார்கள். எடை போடுகிறவனும் இரண்டு மூட்டை வைத்திருந்தான், அவன் மனைவிக்கே தெரியாது.

ஏப்ரல் இருபத்திரெண்டாம் தேதி அவளை விமான நிலையத்தில் விட்டுவந்தேன். மூன்று மாதம். கிளம்பும்போது நான் ஒரு சொற்பொழிவு தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அன்னன்னிக்கு விழுற காய அன்னன்னிக்கு நிலையத்துல போடு. என்ன விலையோ அதுக்குப் போடு. நான் வர்றப்போ வீட்டுல காத்து வரணும்."

அதன்படி தினம் காலையில் கூடையோடு போகிறேன். விலை இன்னும் தரையில்தான் இருக்கிறது, ஆனால் தரையில் இருக்கிற எதையும் குனிந்தால் எடுக்கலாம். படுக்கையறைச் சுவரை இடித்து மேற்கே ஒரு ஜன்னல் வைத்தாயிற்று, கடல் தெரிகிறது. நீலம் அடிக்கச் சொன்னாள். கடையில் படகுக்கு அடிக்கிற நீலம்தான் இருந்தது, இரண்டு கை அடித்துவிட்டேன். உள்ளே நின்றால் வீடு மெல்ல ஆடுகிற மாதிரி இருக்கிறது. ஜூலைக்குள் கதவும் மாற்ற வேண்டும், கட்டிலும் செய்ய வேண்டும். பெரிய கட்டில். நிறைய வேலை. இனி விலை ஏறினால் எனக்கு எழுதாதே, நேரம் இல்லை.

டிக்கெட்டுக்குப் போதவில்லை என்றாயே, அடுத்த கிறிஸ்துமஸுக்கு இருவரும் சேர்ந்து அனுப்புகிறோம். இது சொற்பொழிவு அல்ல, அவள் சொல்லச் சொன்னது.

இப்படிக்கு,
யூலலியின் புருஷன்

பி.கு.: விலையை எழுதாதே என்றேன் அல்லவா? எழுது. மனிதன் ஒரே தவக்காலத்தில் முழுக்கத் திருந்திவிட முடியாது. ஆனால் உறைமேல் அவள் பெயரைப் போடு.